மண்ணில்லாத தோட்டம்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் புதினாவுக்குப் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. வெங்காயத்துக்கு மண்டி இருக்கிறது. வாழைக்காய்க்கு மண்டி இருக்கிறது. விலை ஏறினாலும் இறங்கினாலும் அவற்றின் பெயர் பத்திரிகையில் அடிபடுகிறது. புதினாவோ ஈரச் சாக்கின்மேல் கட்டுக் கட்டாகக் கிடக்கும். காய்கறியெல்லாம் வாங்கி முடித்துப் புறப்படும்போது நினைவு வந்தால் ஒரு கட்டை எடுத்துப் பையின் மேலே செருகிக்கொள்வோம். கொசுறாகக் கிடைக்கும் கறிவேப்பிலைக்கு அது ஒரு படி மேலே, அவ்வளவுதான்.

ஆனால் விஞ்ஞான சரித்திரத்தில் இந்தப் புதினாவுக்குத் தனி இடம் உண்டு. "செடி என்ன சாப்பிடுகிறது?" என்று மனிதன் விசாரணை தொடங்கியபோது இரண்டு முறை கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னது புதினாதான். அந்த விசாரணையின் முடிவில்தான், மண்ணே இல்லாமல் வீட்டுக்குள் தண்ணீரில் கீரை வளர்க்கலாம் என்கிறார்களே, அந்த ஹைட்ரோபானிக்ஸ் வந்து நிற்கிறது.

இதைப் பற்றி இப்போது இரண்டு கட்சிகள் இருக்கின்றன. நாலு குழாயும் ஒரு தொட்டியும் வாங்கி வீட்டுக்குள் வைத்துவிட்டால் காற்று சுத்தமாகும், வியாதி அண்டாது, மார்க்கெட் பக்கமே போகவேண்டாம் என்பது ஒரு கட்சி. மண்ணில் விளையாததில் என்ன சத்து இருக்கப்போகிறது என்று உதட்டைப் பிதுக்குவது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களுக்கும் சரித்திரம் பதில் வைத்திருக்கிறது. அது கொஞ்சம் பொறுமையாகக் கேட்கவேண்டிய பதில்.

வீட்டுக்குள் செடி வளர்ப்பது நமக்குப் புதிது அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் நடுவே முற்றம் இருக்கும். வெயிலும் மழையும் வீட்டின் நடுவில் வந்து இறங்கும். அங்கே துளசி மாடம் இருக்கும். வீட்டுக்குள் தோட்டம் வேண்டுமானால் முதலில் வீட்டுக்குள் வெயில் வரவேண்டும் என்று கொத்தனாருக்கே தெரிந்திருந்தது.

இன்னொன்று முளைப்பாரி. அம்மன் கோயில் திருவிழாவுக்குச் சட்டியில் கொஞ்சம் எருப் பரப்பி, தானியங்களைத் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்து, நாள்தோறும் தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். பயிர் முழ உயரம் எழும்பும். ஆனால் பச்சையாக இராது. வெளிர் மஞ்சளாக இருக்கும். இலையின் பச்சை நிறம் வெளிச்சம் பட்டால்தான் உண்டாகும். அப்படியானால் இருட்டறையில் அது எதைத் தின்று வளர்ந்தது? தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றைத்தான். ஒவ்வொரு விதைக்குள்ளும் குருத்துக்கு வேண்டிய சாப்பாடு சில நாட்களுக்கு இருக்கிறது. அதற்குத் தண்ணீர் மட்டும் போதும். கட்டுச்சோறு தீர்ந்துபோனால் பயிர் தலை சாய்ந்துவிடும். அதற்குள் திருவிழா வந்துவிடுகிறது. ஆடிப் பெருக்கன்று அம்மா மண்டபம் படித்துறையில் முளைப்பாரியைக் காவிரியில் விடுகிறவர்கள், பயிர் பசியால் வாடுவதற்கு முன்பே அதை வழியனுப்பிவிடுகிறார்கள்.

கட்டுச்சோறு தீர்ந்த பிறகு செடிக்கு யார் சோறு போடுவது? இதுதான் கேள்வி.

முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தவர் வான் ஹெல்மான்ட் என்ற பெல்ஜிய நாட்டு வைத்தியர். ஒரு தொட்டியில் காயவைத்த மண்ணை 200 பவுண்டு நிறுத்துப் போட்டார். அதில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். தண்ணீரைத் தவிர வேறு எதுவும் விடவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து மரத்தைப் பிடுங்கி நிறுத்தார்: 169 பவுண்டு. மண்ணை மறுபடி காயவைத்து நிறுத்தார்: சுமார் 2 அவுன்ஸ்தான் குறைந்திருந்தது. மரம் முழுவதும் தண்ணீராலேயே ஆனது என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அவர் 1644-இல் இறந்த பிறகு, 1648-இல் வெளிவந்த அவருடைய நூலில் இந்த விவரம் இருக்கிறது.

தீர்ப்பில் பாதி தவறு. மரம் காற்றையும் தின்றிருந்தது. அது அவருக்குத் தெரியாது. இதில் வேடிக்கை என்னவென்றால், 'காஸ்' என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்தவர் இந்த வான் ஹெல்மான்ட்தான்! கரி எரியும்போது கண்ணுக்குத் தெரியாத ஒன்று வெளியேறுகிறது என்று கண்டுபிடித்து, அதற்குப் பெயர் சூட்டியவர் அவர். அதே வாயுவைத்தான் அவருடைய மரம் ஐந்து ஆண்டுகளாகக் காற்றிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. குறைந்துபோன 2 அவுன்ஸையும் அவர் பொருட்படுத்தவில்லை. எல்லா ரகசியமும் அந்த 2 அவுன்ஸில் இருந்தது.

இங்கேதான் புதினா வருகிறது. இலண்டனில் ஜான் உட்வர்டு என்பவர் வேர்விடும் புதினாத் தண்டுகளைப் பல கண்ணாடிப் பாத்திரங்களில் வைத்தார். ஒன்றில் மழைத் தண்ணீர். ஒன்றில் ஊற்றுத் தண்ணீர். ஒன்றில் தேம்ஸ் நதித் தண்ணீர். இன்னொன்றில் தோட்டத்து மண்ணைக் கரைத்த தண்ணீர். தண்ணீர்தான் செடி என்றால் எல்லாப் புதினாவும் ஒரே மாதிரி வளர்ந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. மண் கரைந்த தண்ணீரில் இருந்த புதினாதான் நன்றாகத் தழைத்தது. 1699-இல் உட்வர்டு இதைப் பிரசுரித்தார். செடிக்கு வேண்டியது வெறும் தண்ணீர் அல்ல, தண்ணீரில் கரைந்து வருகிற ஏதோ ஒன்று என்பது தெரிந்துபோயிற்று. மண்ணில்லாத தோட்டத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் புதினாவிலிருந்துதான் எழுதத் தொடங்குகிறார்கள்.

புதினாவின் இரண்டாவது சாட்சியம் 1771-இல். இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் ஒரு மூடிய கண்ணாடிச் சாடிக்குள் மெழுகுவத்தியை எரியவிட்டார். அது தானாக அணைந்தது. அந்தக் கெட்ட காற்றுக்குள் ஒரு புதினாத் தண்டை வைத்தார். பத்து நாட்கள் கழித்துப் பார்த்தால், அதே காற்றில் மறுபடியும் மெழுகுவத்தி எரிந்தது. புதினா காற்றைப் பழையபடி நல்லதாக்கிவிட்டது!

இந்தச் சோதனையை மற்றவர்கள் செய்து பார்த்தபோது சில சமயம் பலித்தது. சில சமயம் பலிக்கவில்லை. ஏன் என்று 1779-இல் விளக்கியவர் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு வைத்தியர். ஆஸ்திரிய ராஜ குடும்பத்துக்கு அம்மை குத்தியவர் அவர். ஒரு கோடைக் காலத்தில் நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்து, வெளிச்சத்தில்தான் இலை காற்றை நல்லதாக்குகிறது, இருட்டில் நம்மைப் போலவே காற்றைக் கெடுக்கிறது என்று அவர் நிரூபித்தார்.

அன்று பிறந்ததுதான் இரண்டு பயங்கள் அல்லது இரண்டு ஆசைகள். படுக்கையறையில் செடி வைத்தால் இரவில் மூச்சு முட்டும் என்பது பயம். ஒரு காலத்தில் மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளில் இரவானால் நர்ஸுகள் பூச்சாடிகளை எடுத்து வெளியே வைப்பார்களாம். இது வீண் பயம். நாலு சட்டிச் செடி இரவு முழுவதும் விடுகிற கரியமில வாயு, அதே அறையில் குறட்டை விடுகிற ஓர் ஆசாமி விடுவதற்கு முன்னால் தூசு. அவரை யாரும் வெளியே எடுத்து வைப்பதில்லை.

அதைப் போலவே செடி வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகும் என்பது வீண் ஆசை. அமெரிக்க விண்வெளி ஸ்தாபனமான நாசா 1989-இல் ஒரு சோதனையை வெளியிட்டது. மூடிய சிறு பெட்டிக்குள் வைத்த செடி, காற்றிலிருந்த சில ரசாயன நச்சுக்களைக் குறைத்தது என்பது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு செடி விற்கிறவர்கள் அறைக்கு ஒரு சட்டி போதும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் நாம் மூடிய பெட்டிக்குள் வாழ்வதில்லை. முப்பது ஆண்டுக்கால ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்த இரண்டு பேர் 2019-இல் கணக்குச் சொன்னார்கள்: சாதாரணமாக ஒரு வீட்டுக்குள் வந்து போகிற காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்யவேண்டுமானால், ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கும் குறைந்தது 10 செடி முதல் 1000 செடி வரை வேண்டுமாம். அப்புறம் நாம் எங்கே உட்காருவது? ஜன்னலைத் திறந்து வைப்பதே சுலபம். காலையில் எழுந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறப்பது, சமையல் புகை வெளியேற வழி செய்வது, கொசுவத்திப் புகையை மூடிய அறைக்குள் சுவாசிக்காமலிருப்பது - இந்த மூன்றும் ஆயிரம் சட்டிச் செடிக்குச் சமானம்.

இனி அந்த 2 அவுன்ஸ் சங்கதிக்கு வருவோம். மண்ணிலிருந்து தண்ணீரில் கரைந்து செடிக்குள் போவது என்ன என்று ஜெர்மனியில் 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாக்ஸ், க்னோப் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று நம் விவசாயிகள் இன்று சொல்லுகிறார்களே அவையும், சுண்ணாம்பு, மக்னீசியம், கந்தகம், இரும்பு ஆகியவையும் உப்புக்களாகத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் போதும். செடி மண்ணைப் பார்க்காமலே பூத்துக் காய்த்துவிடும். துத்தநாகம், செம்பு, போரான் போன்றவை துளித் துளி வேண்டும் என்பது பிற்பாடு தெரிந்தது. ஆக, மண் என்பது செடிக்குச் சாப்பாடு அல்ல. சாப்பாட்டை வைத்துப் பரிமாறுகிற இலை. இலையில்லாமலும் சாப்பிடலாம். ஆனால் அப்போது பரிமாறுகிறவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

உப்பிலிருந்து வந்தாலும் எருவிலிருந்து வந்தாலும் செடிக்குள் போகிற தழைச்சத்து ஒன்றுதான். எருவும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் உடைந்து உப்பாக மாறிய பிறகே வேருக்குள் நுழைகிறது. எனவே, தண்ணீரில் வளர்ந்த கீரையில் சத்து இராது என்ற கட்சி தோற்றுவிட்டது. உப்பைச் சரியாகக் கொடுத்தால் கீரை கீரைதான்.

அறுபது எழுபது ஆண்டுகளுக்கு இந்த வித்தை கல்லூரிச் சோதனைச்சாலையை விட்டு வெளியே வரவில்லை. வெளியே கொண்டுவந்தவர் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த கெரிக் என்பவர். 1929-ஐ ஒட்டி அவர் பெரிய தொட்டிகளில் தக்காளி பயிரிட்டார். கொடிகள் 25 அடி உயரம் ஏறின. ஏணி வைத்துப் பழம் பறிக்கிற படங்கள் பத்திரிகைகளில் வந்தன. ஹைட்ரோபானிக்ஸ் என்ற பெயரை அவர் 1937-இல் வெளியிட்டார். கிரேக்க மொழியில் ஹைட்ரோ என்றால் தண்ணீர். போனோஸ் என்றால் உழைப்பு. தண்ணீரின் உழைப்பு என்று பொருள் கொள்ளலாம்.

அவ்வளவுதான், அமெரிக்காவில் பித்தம் பிடித்துவிட்டது. இனி நிலமே வேண்டாம், ஒவ்வொரு வீட்டின் கீழறையிலும் அறுவடை என்று எழுதித் தள்ளினார்கள். பெட்டியும் பொடியும் விற்கக் கடைகள் கிளம்பின. ஜனங்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டிய சர்வகலாசாலை, ஹோக்லண்டு, ஆர்னன் என்ற இரண்டு நிபுணர்களைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிற்று. 1938-இல் அவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தண்ணீரில் விளைச்சல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே வெளிச்சம், அதே கவனிப்புக் கொடுத்தால் நல்ல மண்ணிலும் அதே விளைச்சல்தான். மாயம் ஒன்றும் இல்லை என்றார்கள். அந்த அறிக்கையில் கண்ட ஹோக்லண்டு கரைசல் இன்றும் உலகமெங்கும் சோதனைச்சாலைகளில் பயன்படுகிறது. ஆனால் அந்த அறிக்கை சொன்ன நிதான வார்த்தை அவ்வளவு தூரம் பரவவில்லை.

மாயம் இல்லை, ஆனால் பிரயோஜனம் உண்டு. மண்ணே இல்லாத இடத்தில் அதன் அருமை தெரியும். பசிபிக் சமுத்திரத்தின் நடுவே வேக் தீவு என்று ஒரு பவழத் திட்டு இருக்கிறது. அந்தக் காலத்தில் கடலைக் கடக்கிற விமானங்கள் அங்கே இறங்கிப் போயின. 1930-களின் பிற்பகுதியில் அங்கே பயணிகளுக்கும் ஊழியர்களுக்கும் தொட்டியில் காய்கறி விளைத்துக் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரின் முடிவில், அட்லாண்டிக் சமுத்திரத்திலுள்ள அசென்ஷன் என்ற எரிமலைப் பாறைத் தீவில் அமெரிக்க விமானப்படை அதே காரியத்தைச் செய்தது.

1946-இல் ஜப்பானில் சோஃபு என்ற இடத்தில் அமெரிக்கர்கள் போட்ட தோட்டம் வேறு வகை. அது 55 ஏக்கர். ஜப்பானில் மண்ணுக்குப் பஞ்சமா என்ன? பஞ்சமில்லை, ஆனால் அந்நாட்டு வயல்களில் மனித மலத்தை எருவாகப் போடுவது அன்று வழக்கமாக இருந்தது. அமெரிக்கச் சிப்பாய்களோ கீரையைப் பச்சையாகத் தின்கிறவர்கள். வயிற்றுக்கடுப்பும் குடற்புழுவும் வராமலிருக்க மண்ணில்லாமல் விளைத்தார்கள். கீரையை வேகவைத்துத் தின்கிற ஜப்பானியக் குடும்பங்களுக்கு அவ்வளவு பயம் இருந்திருக்காது. நம் பாட்டிமார் கீரையை மூன்று தண்ணீரில் அலசி, வேகவைத்து, மசித்துப் போட்டார்களே, அந்த ஒரு பழக்கம் 55 ஏக்கர் தொட்டியின் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அதே 1946-இல், அதே வித்தை நம் நாட்டுக்கும் வந்தது. அது வந்த காரணம் மனத்தை உருக்குவது.

1943-இல் வங்காளத்தில் பஞ்சம். கல்கத்தாவின் நடைபாதைகளில் மனிதர்கள் கஞ்சித் தண்ணீருக்குக் கையேந்திச் செத்தார்கள். சர்க்கார் அமைத்த விசாரணைக் கமிஷன் 15 லட்சம் பேர் இறந்ததாகச் சொல்லிற்று. பிற்கால ஆராய்ச்சியாளர்கள் 30 லட்சம் வரை சொல்லுகிறார்கள். அந்தப் புண் ஆறுவதற்கு முன்னால், டார்ஜிலிங் ஜில்லாவில் காலிம்பாங் என்ற மலையூரில் ஷோல்டோ டக்ளஸ் என்ற ஆங்கிலேயர் மண்ணில்லா விவசாயச் சோதனைகளைத் தொடங்கினார். அமெரிக்க முறைக்கு பம்பு வேண்டும், மின்சாரம் வேண்டும், கரைசலை நாள்தோறும் அளந்து பார்க்கிற படித்த ஆள் வேண்டும். வங்காளத்து ஏழைக்கு இதெல்லாம் எங்கே கிடைக்கும்? டக்ளஸ் அத்தனையையும் தள்ளிவிட்டார். களிமண்ணாலோ பலகையாலோ ஒரு தொட்டி; அதில் ஜல்லியும் கல்தூளும்; கீழே வடிகால் ஓட்டை. உப்புக்களைக் கலந்து உலர்ந்த பொடியாகவே வரிசைகளுக்கு நடுவே தூவி, கையால் தண்ணீர் தெளித்தால் போதும். பழைய தகர டப்பாகூட ஆகும். 1951-இல் ஆக்ஸ்போர்டு பிரஸ் வெளியிட்ட அவருடைய புத்தகத்தின் தலைப்பிலேயே 'வங்காள முறை' என்ற பெயர் இருக்கிறது. மண்ணில்லா விவசாயத்தைப் பற்றிப் படிக்கிற பிற நாட்டவரும் அந்தப் பெயரை அறிவார்கள்.

நோக்கம் உயர்ந்தது, முறை எளியது. ஆனால் அது நம் நாட்டில் வீடுதோறும் பரவிவிடவில்லை. ஏன்? ஒரு காரணம், உப்புக்களைக் காசு கொடுத்து வாங்கவேண்டும். சாணி வீட்டிலேயே கிடைத்தது. இன்னொரு காரணம் ஆழமானது. வங்காளத்தில் ஜனங்கள் செத்தது மண் போதாமையால் அல்ல. விளைச்சல் கொஞ்சம் குறைந்திருந்தது மெய்தான். ஆனால் அரிசி விலை ஏறி, கூலிக்காரனுக்கும் மீனவனுக்கும் வாங்கச் சக்தி இல்லாமற்போனதுதான் பெரிய காரணம் என்று அமர்த்தியா சென் 1981-இல் எழுதிய நூலில் எடுத்துக் காட்டினார். கடையில் அரிசி இருக்க, வாசலில் மனிதன் சாகிறபோது, புதுவிதத் தொட்டி மட்டும் என்ன செய்துவிடும்?

அந்தப் பஞ்ச விசாரணைக் கமிஷனில் அங்கத்தினராக இருந்தவர்களில் ஒருவர் நம் குன்னூரிலிருந்து போனவர். அவர் டாக்டர் அய்க்ராய்டு. குன்னூரில் அப்போது உணவு ஆராய்ச்சிச் சாலை இருந்தது. அதைத் தொடங்கி வளர்த்தவர் ராபர்ட் மக்காரிசன் என்ற ராணுவ வைத்தியர். எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு பிரதேசத்துச் சாப்பாட்டையும் தனித்தனியாகப் போட்டு அவர் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய்கறி கொண்ட பஞ்சாபிச் சாப்பாடு தின்ற எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. தீட்டிய அரிசியையே பெரும்பாலும் தின்ற எலிகள் நோஞ்சானாகப் போயின. சோற்றை மலையாகக் குவித்து, காயை ஓரத்தில் பொட்டாக வைக்கிற நம் இலையைப் பற்றி அந்த எலிகள் அன்றே அபிப்பிராயம் சொல்லிவிட்டன!

1935-இல் மக்காரிசனுக்குப் பின் வந்த அய்க்ராய்டு, நம் நாட்டு உணவுகளை ஒவ்வொன்றாகப் பகுத்துப் பார்த்து, 1937-இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். எந்தத் தானியத்தில் என்ன சத்து, எந்தக் கீரையில் என்ன சத்து என்ற பட்டியல் அது. முருங்கைக் கீரையும் முளைக்கீரையும் எவ்வளவு பெரிய சொத்து என்பது எண்களில் தெரிந்தது. அந்த ஆராய்ச்சிச் சாலை 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய உணவூட்டக் கழகமாக இயங்குகிறது.

கீரை என்ன செய்யும் என்பதற்கு மதுரையில் கண்கூடான சாட்சி கிடைத்தது. பின்னாளில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி, 1971-இல் மதுரை அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு போஷாக்கு மையத்தை நடத்தினார். வைட்டமின் ஏ போதாமல் கண் கெட்டுக்கொண்டிருந்த ஏழைக் குழந்தைகளைத் தாய்மாரோடு தங்கவைத்து, கீரையும் பருப்பும் சேர்த்துச் சமைக்கக் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தாய்மார் ஊரில் கீரை இல்லாமல் இல்லை. வேலியோரத்திலேயே கிடைத்தது. அது குழந்தைக்கு ஆகாது, மாந்தம் வரும் என்று பயந்துகொண்டிருந்தார்கள். கீரைக்கும் கண்ணுக்கும் இருந்த தூரம் வேலிக்கும் அடுப்புக்கும் உள்ள தூரம்தான். அதைக் கடக்கப் பல குழந்தைகளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இவ்வளவு சரித்திரத்தையும் கேட்ட பிறகு, தில்லைநகரில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிற ஒரு குடும்பத்துக்கு நாம் என்ன சொல்லலாம்? செடி வளர்க்கவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நிச்சயமாக வளர்க்கலாம். என்ன எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொண்டு வளர்க்கவேண்டும்.

முதலில் வெளிச்சம். நம் கண் பெரிய ஏமாற்றுக்காரன். விளக்கைப் போட்ட அறை நமக்குப் பளிச்சென்று தெரிகிறது. அளந்து பார்த்தால் வெளியே நல்ல வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம். அறைக்குள் சில நூறுதான். செடியை அப்படி ஏமாற்ற முடியாது. முற்றம் போய்விட்ட வீட்டில் கிழக்கு ஜன்னல்தான் முற்றம். அங்கே இடமில்லாவிட்டால், செடிக்கென்று விளக்குப் போட்டு மின்சாரக் கட்டணம் கட்டவேண்டும். அந்தக் கட்டணத்துக்கு மார்க்கெட்டில் எத்தனை கட்டுக் கீரை வாங்கலாம் என்று கணக்குப் பார்ப்பது நல்லது.

ஆரம்பிக்கப் புதினாவைவிடச் சிறந்தது இல்லை. வாங்கி வந்த கட்டில் தடித்த தண்டாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே நறுக்கி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும். பாசி பிடிக்காமலிருக்கப் பாட்டிலைச் சுற்றிக் காகிதம் ஒட்டலாம். வெறும் தண்ணீரில் கொஞ்ச நாள் ஓடும். பிறகு உட்வர்டின் புதினா சொன்னதுபோல் ஏதாவது கரைத்துக் கொடுத்தாக வேண்டும். அதற்கென்று விற்கும் உப்புக் கலவையை, அதில் கண்ட அளவுக்குமேல் போடாமல் உபயோகிக்கலாம். அளவு மிஞ்சினால் வேர் கருகும். அந்தப் பொடியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும். கரைக்கிற பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்கக்கூடாது.

தண்ணீர் வேண்டாம் என்றால் தென்னை நார்த்தூள் இருக்கிறது. ஒரு காலத்தில் கயிறு திரிக்கிற ஊர்களில் கழிவென்று குவிந்து கிடந்த இந்தத் தூள், இன்று பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் பல நாடுகளின் கண்ணாடி வீட்டுத் தோட்டங்களுக்கு மண்ணுக்குப் பதிலாகப் போகிறது. ஒரு தட்டில் அதை நனைத்து, ஊறவைத்த வெந்தயத்தைத் தூவினால் பத்துப் பதினைந்து நாளில் கிள்ளியெடுக்கலாம். கட்டுச்சோற்றில் வளர்கிற பயிர் என்பதால் உப்புக்கூட வேண்டாம்.

இதைவிட முக்கியமான ஒரு விஷயம் கொசு. டெங்குக் காய்ச்சலைப் பரப்புகிற கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. தெளிந்த தண்ணீரைத்தான் தேடுகிறது. அழகுக்காக வரவேற்பறையில் வைத்த மணி பிளாண்ட் பாட்டில், சட்டிக்கு அடியிலுள்ள தட்டு, இவையெல்லாம் அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும். எனவே வாரம் ஒரு நாள் தண்ணீரைக் கொட்டிவிடவேண்டும். கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் உட்புறம் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் பிழைத்துக்கொள்ளும், தேய்த்துக் கழுவவேண்டும். காற்றைச் சுத்தமாக்க வைத்த செடி காய்ச்சலைக் கொண்டுவரக்கூடாது அல்லவா?

ஜன்னலோரத் தோட்டம் ஒரு நாளுக்கு ஒரு பிடி தழை தரும். துவையலுக்கு ஆகும், ரசத்தில் போட ஆகும். ஆனால் பழமும் காய்கறியுமாக ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராமாவது வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஆயிற்று. அது மார்க்கெட்டிலிருந்துதான் வந்தாகவேண்டும். 2020-இல் கொரோனாக் காலத்தில் காந்தி மார்க்கெட் மாதக்கணக்கில் மூடிக் கிடந்து, வியாபாரம் பொன்மலைப் பக்கம் ஜி கார்னர் மைதானத்துக்கு மாறிற்று. அந்த நாட்களில் மாடியில் நாலு சட்டி வைத்திருந்தவர்களுக்குக் கொத்தமல்லித் தழை கிடைத்திருக்கும். ஆனால் ஊருக்குச் சோறு போட்டவர்கள் ராத்திரியெல்லாம் லாரி ஓட்டியவர்களும், மைதானத்து வெயிலில் கீரை விற்றவர்களுந்தான்.

வாங்கி வந்த கீரையை ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசவேண்டும். பச்சையாகத் தின்பதானால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். கீரையிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர, கூட ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொள்ளலாம். சாப்பிட்ட கையோடு காப்பி, டீ குடித்தால் அந்தச் சத்து சேருவது குறைந்துபோகும். கொஞ்சம் எண்ணெயோ பருப்போ சேர்த்தால்தான் கண்ணுக்கு வேண்டிய சத்து சேரும். மூத்திரக்காய்க் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் கீரையின் அளவைத் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். மற்றவர்களுக்கு இதில் யோசனையே வேண்டியதில்லை.

செடி என்ன சாப்பிடுகிறது என்று கண்டுபிடிக்க வான் ஹெல்மான்ட் காலத்திலிருந்து ஹோக்லண்டு காலம் வரை சுமார் முந்நூறு ஆண்டுகள் ஆயின. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. மண் இல்லாத தீவிலும் இன்று மனிதன் செடிக்கு வேளை தவறாமல் சோறு ஊட்டுகிறான். ஜன்னலில் புதினா வைக்கிற வீட்டிலும், வைக்க ஜன்னலே இல்லாத வீட்டிலும், குழந்தை இன்று என்ன சாப்பிட்டது என்ற கேள்வியையும் அதே அக்கறையோடு கேட்கவேண்டும். அதற்குப் பதில் கண்டுபிடிக்க முந்நூறு ஆண்டுகள் வேண்டாம். குன்னூரிலும் மதுரையிலும் எப்போதோ கண்டுபிடித்து எழுதி வைத்துவிட்டார்கள்.